அடிப்பக்கத்துக்கு என்ன நிறம்

"கொஞ்சம் இருங்க" என்று சொன்னது தன்னுடைய வாய்தானா என்று டெல்பினுக்கே சந்தேகமாக இருந்தது. பெயிண்டர் செய்யது அந்தக் கருப்பு டின்னின் மூடிக்கடியில் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பப் போன நேரம். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான், பிறகு பட்டறைக்காரர் இசக்கிமுத்து அண்ணாச்சியைப் பார்த்தான், அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கினார். "சரிக்கா, நான் டீ வாங்கிட்டு வாரேன், அதுக்குள்ள என்ன ஏதுன்னு யோசிச்சு வைங்க. கடல்காத்து ஏறிட்டுன்னா காலையிலேருந்து மணலடிச்சது அம்புட்டும் வீண்" என்று பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். யோசிக்கச் சொல்லி அவளை யாரும் இங்கே அனுப்பவில்லை. உப்பளத்தில் லாரிக்கு லோடு ஏற்றுகிற நாள், வில்பிரட்டால் நகர முடியாது, ஆகவே, "பக்கத்துல உட்கார்ந்து பாத்துக்கோ டெல்பி, ஆள் இருந்தாத்தான் வேலை நடக்கும், வேற ஒண்ணும் நீ செய்ய வேண்டாம்" என்று ஆட்டோ ஏற்றி விட்டிருந்தான். அவளும் மடியில் பிள்ளையோடு காலையிலிருந்து உட்கார்ந்துதான் இருந்தாள். எதிரே நான்கு முட்டுகளின் மேல், முழங்காலுயரத்தில், ஜீப்பின் சேசிஸ் கிடந்தது. சக்கரம் இல்லை, என்ஜின் இல்லை, உடம்பு இல்லை. இரண்டு நீளச் சட்டமும் குறுக்கே ஐந்தாறு கட்டைகளும்தான். பழைய தாரும் துருவும் மணலடித்ததில் பறந்துபோய், மீன் வயிறு மாதிரி ஒரு வெளிர் சாம்பலில் இரும்பு இருந்தது. இவ்வளவு வெளிச்சமாக ஒரு இரும்பை அவள் பார்த்ததில்லை. தூத்துக்குடிக் காற்றில் இந்த வெளிச்சம் சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்காது, அதற்குள் எதையாவது பூசி மூடிவிட வேண்டும், மூடிவிட்டால் அப்புறம் இதைப் பார்க்கவே முடியாது, அந்த 'பார்க்கவே முடியாது' என்ற இடத்தில்தான் வாய் அதுவாகத் திறந்து கொஞ்சம் இருங்க என்று சொல்லியிருக்க வேண்டும்.

எதற்கு இருக்கச் சொன்னாய் என்று கேட்டால் என்ன சொல்வாள். காரணம் இல்லாமல் கையைத் தூக்கக் கூடாது. கான்வென்ட்டில் பதினோரு வருஷம் கையைத் தூக்கி, எழுந்து நின்று, எக்ஸ்க்யூஸ் மீ சிஸ்டர் சொல்லி, தலையசைத்த பிறகே பேசிப் பழகியவள். இந்தப் பட்டறையிலும் அவளை அறியாமல் ஒவ்வொரு வாக்கியமும் உள்ளே ஒரு தடவை எழுந்து நின்றுவிட்டுத்தான் வெளியே வந்தது. கருப்பு வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம். நல்ல சாமான். ரப்பர் கலந்தது, ஆமைத்தோல் மாதிரி பிடித்துக்கொள்ளும், கல் தெறித்தாலும் உப்புத்தண்ணீர் பட்டாலும் உள்ளே இறங்காது என்று வில்பிரட் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சாப்பிடும்போது சொன்னான், பிள்ளையைத் தூங்கவைக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னான். துத்தநாக முலாம் போடலாமா என்று விசாரித்து, சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும் என்று யாரோ சொல்லவும் விட்டுவிட்டான். பவுடர் கோட்டிங் என்றான், இவ்வளவு நீளத்துக்கு அடுப்பு பக்கத்து ஊர்களில் எங்கேயும் இல்லை என்றான். கடைசியில் கருப்புக்கே வந்தான். எங்கே சுற்றினாலும் கருப்புக்கே வருவான் என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் போன மழைக்கு முன்னால் பூசியதும் கருப்புதான்.

போன மழைக்கு முன்னால் என்றால் எல்லா மழைக்கும் முன்னால். அளத்துக்காரர்களிடம் அது ஒரு வழக்கம். புரட்டாசியில் உப்பு அம்பாரங்களைக் கீற்று போட்டு மூடுகிறார்களே, அந்த வாரமே வண்டிகளையும் வரிசையாக ஜாக்கி போட்டுத் தூக்கி, தாரையும் கழிவு ஆயிலையும் தகர டப்பாவில் காய்ச்சி, தும்புக்கட்டையால் அடிப்பக்கம் முழுக்க அப்புவார்கள். கோழி அடித்துக் குழம்பு வைத்து, ஒருவனை ஒருவன் கேலி பண்ணிக்கொண்டு, முகமெல்லாம் கருப்பாக. வருஷாவருஷம் பழைய தார் மேலேயே புதுத் தார். போன புரட்டாசியில் ஏழு மாத வயிற்றோடு அவள் கட்டிலை வாசலில் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வில்பிரட் மண்ணில் மல்லாந்து படுத்து மற்ற யாரையும் விட மெனக்கெட்டு மூலைமூலையாகப் பூசினான். "என்னல, பொண்டாட்டிக்கு மருதாணி போடுத மாரி போடுத" என்று ஒருவன் கேட்டான். "அவளும் பிள்ளையும் போற வண்டில" என்றான் வில்பிரட், அடியிலிருந்து. தார் வடிந்து அவன் கழுத்தில் சொட்டியது. அதற்குப் பிறகு சரியாக எத்தனை நாள் என்று அவள் எண்ணமாட்டாள், எண்ணக் கூடாது என்று வைத்திருக்கிறாள், அளத்து வரப்பு ரோட்டில் செக்கப்புக்குப் போகும்போது காலுக்கடியில் தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், ஜீப் நடுவில் குழிந்தது. நாலு சக்கர வண்டி நடு முதுகு ஒடிந்த மாடு மாதிரி உட்கார்ந்து, சரிந்து, மெதுவாக, அந்த மெதுவைத்தான் அவளால் மறக்க முடியவில்லை, பாத்திக்குள் இறங்கியது. இடுப்புவரை உப்புத்தண்ணீர். வெயிலில் காய்ந்து வெதுவெதுப்பாக இருந்த தண்ணீர். அதற்குள் வேறொரு வெதுவெதுப்பு தன்னிடமிருந்து இறங்குவது அவளுக்கு முதலில் தெரியவில்லை. வில்பிரட் மாதாவே மாதாவே என்று கதவை இழுத்துக்கொண்டிருந்தான். ஜெசிந்தா அன்றைக்கே பிறந்தாள். ஒரு கையில் அடங்குகிற அளவு.

ஒடிந்த முனையை அவள் பிறகு பார்த்தாள். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று வில்பிரட் சொல்வான். வெளியே தார் கறுகறுவென்று, ஸ்கூல் ஷூ மாதிரி பளபளப்பு, ஒரு கீறல் இல்லை. உள்ளே இரும்பு பேக்கரி பப்ஸ் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து, விரலால் தொட்டால் உதிர்ந்தது. உப்பைக் கழுவாமல் அதன் மேலேயே அப்பி, அப்பியதன் மேல் மறுபடி அப்பி, உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் வருஷக்கணக்காக உட்கார்ந்து தின்றிருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை, தெரிய வழியில்லை, தெரியாமல் இருக்கத்தான் அத்தனை பேரும் அவ்வளவு பாடுபட்டுப் பூசியிருக்கிறார்கள். அதிலிருந்து அவளுக்கு எதுவும் நன்றாக இருப்பதைப் பார்த்தாலே பயம். பிள்ளை அழுதால் பயமில்லை. அழாமல் தூங்கினால் மூக்கடியில் விரலை வைத்துப் பார்க்கிறாள். இப்போதும் வைத்தாள். சன்னமாகச் சூடு பட்டது, எடுத்தாள், இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி வைத்தாள். இன்னும் கொஞ்ச நாளில் அடுத்த மழை. மழை வந்துவிட்டால் அளத்து வீட்டிலிருந்து டவுனுக்கு ஆட்டோ வராது, பைக் வழுக்கும், இந்த ஜீப் ஒன்றுதான் வரப்பில் ஏறும். பிள்ளைக்கு நெஞ்சுச்சளி வந்தால் இதில்தான் ஏற வேண்டும். ஏறுவாளா. வெளியே பளபளவென்று கருப்பாக இருக்கிற ஒன்றின் மேல் ஜெசிந்தாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, காலுக்கடியில் காதை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு. மாட்டாள். அது மட்டும் அவளுக்குத் திட்டமாகத் தெரிந்தது. வாயால் சொல்லாமல் இருந்தாலும் உடம்பு ஏறாது.

பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எழுந்து சேசிஸ் பக்கம் போனாள். ஒடிந்த இடத்தை வெட்டியெடுத்து, புதுப் பட்டை வைத்து, இரண்டு பக்கமும் வெல்டிங் ஓட்டியிருந்தார் அண்ணாச்சி. ஆபரேஷன் தையல் மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது. அவள் வயிற்றிலும் ஒன்று இருக்கிறது, அதைவிட இது நேராக இருந்தது. காலையில் மணலடித்து முடித்ததும் போர் தண்ணீரை ஹோஸில் பிடித்துக் கழுவப் போனார்கள். இந்த ஏரியாவில் போர் தண்ணீரில் சோறு வடித்தால் உப்பே போட வேண்டாம். குடிதண்ணி லாரியைக் கூப்பிடுங்க என்று அவள் சொன்னபோது அண்ணாச்சி சிரித்தார், "சேசிஸ்க்குக் குடிதண்ணியா, யம்மா, எங்க வீட்லயே குளிக்க இல்ல" என்றார், ஆனால் கூப்பிட்டார். இப்போது விரல் நுனியை எச்சிலால் நனைத்து, வெல்டிங் ஓரத்தில் தேய்த்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, நாக்கில் வைத்தாள். ரத்தம் மாதிரி இரும்பு ருசி. உப்பு இல்லை. அளத்துக்காரன் பெண்டாட்டிக்கு அது தெரியாமல் போகாது. சரி, இந்த நிமிஷத்துக்கு இது சுத்தம். இந்த நிமிஷத்தை என்ன செய்வது. எந்த டின்னைத் திறந்தாலும் இந்த நிமிஷம் உள்ளே போய்விடும். பூசாமலும் விட முடியாது, விட்டால் பொழுது சாய்வதற்குள் பழுப்பு ஏறும், ஒரு மழையில் மறுபடி பப்ஸ். மூடவும் வேண்டும், மூடினாலும் தெரியவும் வேண்டும். அப்படி ஒன்று உண்டா, கண்ணாடியால் பூச முடியுமா, என்ன பைத்தியக்கார யோசனை, கண்ணாடி என்றதும் ஆஸ்பத்திரியின் அந்தப் பெட்டி நினைவுக்கு வந்துவிட்டது.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஜெசிந்தா, நீல வெளிச்சத்தில், கண்ணுக்கு மட்டும் ஒரு துணிக்கட்டு, உடம்பில் ஒரு நூல் இல்லாமல். குளிருமே என்று இருந்தது அவளுக்கு. அம்மா பின்னிக் கொடுத்த கம்பளிச் சால்வையைக் கைப்பைக்குள் மடித்து வைத்திருந்தாள். நர்ஸ் திரும்பிய நேரத்தில் ஓட்டைக்குள் கையை விட்டுப் போர்த்திவிட்டாள். போர்த்திய அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நிம்மதி. பிள்ளை மறைந்துபோய், வெள்ளைப் பூச்செண்டு மாதிரி சால்வைதான் தெரிந்தது. நர்ஸ் வந்து ஒரு வார்த்தை திட்டவில்லை, சால்வையை உருவி அவள் கையில் கொடுத்துவிட்டு, "போர்த்தாதீங்கம்மா, எனக்குக் கலர் தெரியணும்" என்றாள். மஞ்சள் எதுவரை இறங்கியிருக்கிறது, உதடு நீலம் பாரிக்கிறதா, இதெல்லாம் மெஷின் சொல்வதற்கு முன்னால் தோல் சொல்லும் என்றாள். அன்றைக்கு அவளை எவ்வளவு வெறுத்தாள் டெல்பின். ராத்திரியெல்லாம் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பிள்ளையின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், மறைக்க ஒன்றும் இல்லாததால் பார்க்க முடிந்தது, பார்க்க முடிந்ததால் மூன்றாம் நாள் விடியக்காலை உதடு கறுத்ததை முதலில் கண்டது மெஷின் இல்லை, அவள்தான். கலர் தெரியணும். டெல்பின் சேசிஸ் பக்கத்தில் நின்றபடி அதை வாய்விட்டே சொன்னாள் போல, அண்ணாச்சி, "என்னம்மா?" என்றார். சுவரோரம் அடுக்கியிருந்த டின்களைப் பார்த்தாள். கருப்பு. சாம்பல் பிரைமர். அதற்குப் பின்னால், துறைமுகத்துத் தோணிகளுக்கு உள்பக்கம் அடிப்பதற்காகச் செய்யது வாங்கி வைத்திருக்கிற எபாக்ஸி பெயிண்ட், மூடி ஓரத்தில் வழிந்து காய்ந்திருந்தது, முட்டை ஓட்டு வெள்ளை. வெள்ளையில் துரு ஒரு கடுகளவு கசிந்தாலும் கண்ணில் குத்தும். கீறல் விழுந்தால் பழுப்பாகக் கோடு இறங்கும். அழுக்கும் தெரியும், சேறும் தெரியும், அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். உள்ளே ஒரு வாக்கியம் எழுந்து நின்றது. தலையசைக்க யாரும் இல்லை. அவள் காத்திருந்து பார்த்தாள், உண்மையாகவே யாரும் இல்லை.

செய்யது டீயோடு வந்தான். "என்னக்கா, திறக்கவா?"

"அது வேண்டாம். தோணிக்கு அடிக்கிற வெள்ளை இருக்குல்ல, அதை அடிங்க. சாம்பல் பிரைமர் ஒண்ணு, மேல வெள்ளை ரெண்டு."

"வெள்ளையா?" அவன் டீயை ஊற்றுவதை நிறுத்தினான். "ஜீப்புக்கு அடியிலயா?"

"பூராவும்."

"அண்ணாச்சி, கேட்டீரா, மாப்பிள்ளை வண்டியாம். மேல என்ன கலர்க்கா, பட்டு ஜரிகையா?"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. டம்ளரை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு, "யம்மா, சார் காசு போட்டு மெட்ராஸ்லேருந்து சாமான் எறக்கியிருக்காக" என்றார். "நாளைக்கு வந்து என் சேசிஸ என்னலே செஞ்சு வச்சிருக்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல? நீங்க சொன்னீகன்னு சொல்லவா? சொன்னா எடுபடுமா? வெள்ளை ஒரே மழையில சீப்பட்டுப் போவும். கருப்புன்னா ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுல்ல, அதான் வேண்டாங்கேன்."

"போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுருங்க. பெறகு நீங்க ரோசாப்பூ கலர் சொன்னாலும் அடிக்கேன்."

அது நியாயம்தான். போனை எடுத்தாள். வெளியே வேப்பமரத்து இலைகள் கிழக்கேயிருந்து லேசாகப் புரள ஆரம்பித்திருந்தன. தோளில் பிள்ளை எச்சில் ஒழுகத் தூங்கியது. வில்பிரட் லாரிச் சத்தத்துக்கு மேல் கத்தினான்: "அடிச்சாச்சா?" இல்லை என்றாள். ஏன், கம்ப்ரசர் ஓடலையா, கரண்டு இல்லையா, செய்யது வரலையா என்று அடுக்கினான். அவன் குரலில் இருப்பது கோபம் இல்லை, பயம், அவளுடையது மாதிரியே ஒன்று, அவனுடையது ஓடிப்போய் எதையாவது எடுத்து மூடிக்கொள்கிற பயம் என்பது அவளுக்கு அந்தச் சத்தத்துக்குள் தெளிவாகக் கேட்டது. அன்றைக்கு மூலைமூலையாகப் பூசிய கை, இன்னும் கெட்டியாக, இன்னும் உசத்தியாகப் பூசிவிட்டால் அன்றைக்குப் பூசியது சரியாகிவிடும் என்று நம்புகிறது. அவனைக் குத்தாமல் எப்படிச் சொல்வது. குத்தாமல் சொல்ல வழி தேடினால் காற்று வந்துவிடும். "வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

லாரிச் சத்தம் குறைந்தது, அவன் தள்ளி வந்திருக்க வேண்டும். "என்ன அடிக்க?"

"வெள்ளை. துரு வந்தா தெரியணும்."

"வரக் கூடாதுன்னுதான டெல்பி கருப்பு வாங்கினேன்."

"வரும். நம்ம அளத்துல வராம இருக்காது. வந்தது தெரியாம இருக்கக் கூடாது. எனக்கு அவ்வளவுதான்."

"ஊருல ஒரு வண்டிக்கு அடியில வெள்ளை பாத்திருக்கியா? அடியில போயி யாரு பாக்கப் போறா?"

"நான்."

பின்னால் யாரோ மூட்டைக் கணக்கு கேட்டுக் கூப்பிட்டார்கள். "மழைக்காலத்துல வாரம் ஒருக்க படுத்துப் பாக்கணும்" என்றான் கடைசியில், குரல் வேறு மாதிரி இருந்தது. "சகதியில. வண்டிக்கு அடியில. உனக்கு அந்த ஜீப்பு பக்கத்துல போகவே பயம்னு எனக்குத் தெரியாதா?"

"பயம்தான். கருப்புல என்ன பாக்கன்னு தெரியாமப் பயப்படுதேன். இதுல எங்க பாக்கணும்னாவது தெரியும். கருப்பு அடிச்சீங்கன்னா நான் ஏறமாட்டேன், பிள்ளையையும் ஏத்தவிட மாட்டேன். கோபப்பட்டுச் சொல்லலைங்க."

மறுபடி லாரி உறுமியது. "போனை அண்ணாச்சிகிட்ட குடு" என்றான் வில்பிரட். அவள் கொடுத்தாள். அண்ணாச்சி காதில் வைத்துக்கொண்டு, ஆமா, ஆமா, இருக்கு, ரெண்டு கோட்டு போதும், என்றார். பிறகு, "அதுக்கு நான் என்னத்தச் சொல்ல சார், உங்க வீட்டம்மா சேசிஸயே குடிதண்ணியில குளிப்பாட்டினவுக" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு செய்யதைப் பார்த்து, "கலக்குல வெள்ளைய" என்றார். செய்யது பெயிண்ட் இறுகுவதற்குக் கலக்குகிற ஹார்ட்னர் டப்பாவைத் தேடிப் போனான்.

முதல் பூச்சு விழுவதற்குள் அவள் பார்த்துவிட வேண்டும். இது கடைசி வெறும் இரும்பு. பார்க்கிறேன் என்று சொன்னவள், எங்கே என்ன இருக்கிறது என்று இப்போதே தெரிந்துகொள்ளாவிட்டால் மழையில் சகதிக்குள் கிடந்து எதைத் தேடுவாள். "அண்ணாச்சி, இவளைக் கொஞ்சம் பிடிங்க" என்றாள். அவர் கையைப் பார்த்தார், கிரீஸ். வேட்டியில் துடைத்தார், போதாமல் தோள் துண்டை விரித்து அதன் மேல் பிள்ளையை வாங்கிக்கொண்டார், கண்ணாடி டம்ளரை வாங்குகிற மாதிரி. ஜெசிந்தா முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். டெல்பின் ஒரு சாக்கை உதறிப் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் முடிந்து, கைவிளக்கின் வயரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "யம்மா, அங்கனல்லாம் படுக்காதீக, மணலு, கிரீசு, சுடிதார் போயிரும்" என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டிருக்கும்போதே மல்லாந்து படுத்துக் குதிகாலால் உந்தி அடியில் போய்விட்டாள். மூக்குக்கு மேலே இரும்பு. முட்டுகள் சரிந்தால், ஒன்று சரிந்தாலே போதும், அந்த மெதுவான இறக்கம் முதுகில் ஒரு தடவை வந்து போனது. வரட்டும் என்று படுத்திருந்தாள். வந்தது, போனது. விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். மேலே நின்று பார்த்தபோது தெரியாத எத்தனையோ இடங்கள் இருந்தன இங்கே: குறுக்குக்கட்டை சட்டத்தோடு சேருகிற முடுக்கு, ஸ்பிரிங் மாட்டுகிற கொக்கியின் உள்மடிப்பு, தண்ணீர் வந்து தங்கக்கூடிய ஒரு சின்னப் பள்ளம். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, இங்கே, இங்கே என்று தனக்குள் சொல்லி வைத்துக்கொண்டே நகர்ந்தாள். தலைமாட்டில் அண்ணாச்சியின் கால்கள் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தன, பிள்ளைக்காக. இடது சட்டத்தின் உள்ளோரத்தில் விளக்கு நின்றது. துவரம்பருப்பு அளவில் பழுப்பாக ஒரு பொட்டு, காலையில் இல்லாதது, இப்போதே முளைத்துவிட்டது.

"இங்க ஒண்ணு இருக்கு" என்றாள் டெல்பின்.

"எங்கன?" என்றது செய்யதின் குரல். "இருங்க, நான் வாரேன்."

"வேண்டாம். உப்புத்தாள் மட்டும் குடுங்க."

சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு கை உப்புத்தாளை நீட்டியது. அவள் அதை இரண்டாக மடித்து, கட்டைவிரலால் அழுத்தி, துகள் கண்ணில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பழுப்பு போய் வெள்ளிப் பளபளப்பு வரும்வரை தேய்த்தாள். ஊதினாள். விளக்கை அருகில் கொண்டுபோய் மறுபடி பார்த்தாள். பிறகு, "இன்னும் அடிச்சிராதீங்க, முடிக்கலை" என்று சொல்லிவிட்டு, விளக்கை அடுத்த சாண் இரும்புக்கு நகர்த்தினாள்.